மூளை திறப்பு விழா

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: நிகழும் சனிக்கிழமை முற்பகல் பத்து மணி பதினாறு நிமிடத்துக்கு வரும் சுபவேளையிலே, மனித மூளையும் அதனைச் சார்ந்த நரம்புத் தொகுதியும், ஓய்வுநிலைக் கல்விப் பணிப்பாளரும் அகில இலங்கைச் சமாதான நீதவானும் இருபத்தேழு சங்கங்களின் காப்பாளருமாகிய உடுவிலூர் திருவாளர் நமசிவாயம் அவர்களின் பொற்கரங்களால் நாடா வெட்டித் திறந்துவைக்கப்படும். அனைவரும் வருக. குளிர்பானம் உண்டு.

இதை ஒரு ஓட்டோ மூன்று நாளாகக் குருநகர் ஒழுங்கைகளெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தது. மூளை இவ்வளவு காலமும் மூடிக் கிடந்ததென்பதே சனத்துக்குப் புதினமாக இருந்தது.

உதயகலா எழுதிக் கொடுத்தது இதுவல்ல. அவள் அந்தப் பகுதியின் குடும்பநல மாது. ஊர் வாயில் மிஸி. "பிள்ளை தங்க முன்னமே ஃபோலிக் அமிலக் குளிசை எடுங்கள். விளக்கம் உண்டு. குளிசை இலவசம்" என்று மூன்றே வரிதான் எழுதினாள். நலன்புரிச் சங்கச் செயலாளர் செபநாயகம் அதை மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஒருதரம், இறக்கி ஒருதரம் வாசித்தார்.

"உதிலை கனம் காணாது மிஸி. சிறப்பு விருந்தினர் இல்லாமல் சனம் வராது."

"குளிசைக்கு எதுக்கு அண்ணை விருந்தினர்?"

"நாடா வெட்ட."

உதயகலாவின் கவலை ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையின் மூளைக்கும் நரம்புக்கும் அத்திவாரமான குழாய் இருபத்தெட்டாம் நாளுக்குள் மூடியாக வேண்டும். தாய்க்கோ, நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் இலேசாகப் பொறிதட்டும். தனக்குத் தெரிந்து, புருஷனுக்குச் சொல்லி, மாமிக்குச் சொல்லி, நல்ல நாள் பார்த்து அவள் கிளினிக்குக்கு வரும்போது பத்தாம் கிழமை பிறந்திருக்கும். பத்தாம் கிழமையில் கொடுத்த குளிசை நாலாம் கிழமைக்குத் திரும்பிப் போகாது. போன வருடம் ஒரு பிள்ளை முதுகடி மூடாமல் பிறந்தது. அந்தத் தாய் கிளினிக்குக்கு வந்த திகதி உதயகலாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

ஆகவே கலியாணத்துக்கு நாள் வைத்த பெண்களைத் தேடிப் போனாள். ஷெரோனுக்குக் கோயிலில் கலியாண அறிவித்தலான முதல் ஓலை கூறியாயிற்று. மூன்று கிழமையில் கலியாணம். தையல் மெசினுக்குப் பின்னால் இருந்தபடியே அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மிஸி, என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியளோ? இப்ப உங்கடை குளிசையோடை நான் ஒழுங்கையாலை போனால், மாமி வீட்டிலை விரல் மடிச்சு மாசம் எண்ணத் துவங்கிவிடுவினம்."

"பையுக்குள்ளை வைச்சுத் தாறன்."

"உங்கடை பையைக் கண்டாலே எந்த வீட்டிலை தொட்டில் எண்டுதானே சனம் கேக்குது!"

அது உண்மைதான். ஒருத்தி, ஒரேயொருத்தி, நாலு பேர் பார்க்க வந்து கேட்டு வாங்கினால் போதும். மற்றப் பெண்களுக்கும் கூச்சம் விட்டுப்போகும். அந்த ஒருத்தி ஷெரோனாக இருக்கவேண்டுமென்று உதயகலா அன்றைக்கே முடிவுகட்டினாள். விளக்குவதற்காக அவள் கடதாசியில் கீறிய படம் மேசையில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தவர் ஷெரோனின் தகப்பன் கிறிஸ்ரோபர். பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுகிறவர்.

"இது என்ன தங்கச்சி, வள்ளம் மாதிரிக் கிடக்கு?"

"மூண்டாம் கிழமைப் பிள்ளை அண்ணை. முதுகுப் பக்கம் தட்டையா ஒரு தகடு. நடுவிலை வாய்க்கால் விழும். ரெண்டு கரையும் எழும்பி, ஒண்டை ஒண்டு பாத்துச் சாய்ஞ்சு, கழுத்தடியிலை முதலிலை ஒட்டும். பிறகு மேலையும் கீழையும் சட்டைச் சிப் இழுத்துப் பூட்டின மாதிரி மூடிக்கொண்டு போகும். தலைப்பக்கம் இருபத்தஞ்சாம் நாள் மூடும். வால்பக்கம் கடைசி."

"மூடினாப் பிறகு?"

"மேல் முனை மூண்டு பலூனா ஊதும். முன்மூளை, நடுமூளை, பின்மூளை. அடுத்த கிழமை மூண்டு அஞ்சாகும். கீழை மிஞ்சின குழாய் முண்ணாண். முள்ளந்தண்டுக்குள்ளாலை ஓடுற நரம்புக் கயிறு."

கிறிஸ்ரோபர் தூரிகையைக் கீழே வைத்தார். கலந்து வைத்த பசை தகரத்துக்குள் இறுகிக் கல்லாகிக்கொண்டிருந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"தகடு எதாலை செய்தது?"

"தோல் எந்தப் படையாலை வருதோ, அதே படைதான். வெளியிலை நிண்டது தோலாகும். உள்ளுக்கை மடிஞ்சது மூளையாகும்."

"அப்ப, பெரிய மூளைகாரர் எண்டு மேடையிலை இருக்கிறவை..."

"உள்ளுக்கை போன தோல்தான் அண்ணை வைச்சிருக்கினம்."

கிறிஸ்ரோபர் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த காகம் எழும்பிப் பறந்தது. பிறகு கேள்விகள் வந்தன, ஒன்றுக்குமேல் ஒன்றாக. சூட்டுச் சட்டியில் பட்ட கையை மூளை சொல்லியா எடுக்கிறோம்? இல்லை, முண்ணாண் தன்பாட்டில் எடுத்துவிடும், மூளைக்குச் சேதி பிறகுதான் போகும். "எங்கடை சங்கமும் அப்பிடித்தான் தங்கச்சி. காரியம் முடிஞ்ச பிறகுதான் தலைவருக்குத் தெரியும்!"

அடுத்த நாளே அவர் பன்னிரண்டு அடி நீளத்துக்கு இறப்பர் பூசிய படங்குச் சீலை வாங்கிவந்தார். தலைப்பக்கத்தில் உள்மடிப்பு விட்டு, ஐந்து பைகள் விரியக்கூடியதாக ஷெரோன் தைத்தாள். கழுத்தடியில் தொடங்கி மேலே ஒரு சிப், கீழே ஒரு சிப். பிறந்தநாள் வீடுகளில் சிறுபிள்ளைகள் துள்ளுவதற்குக் காற்றுவீடு ஊதுவார்களே, அந்த மோட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். தட்டைச் சீலை மடிந்து குழாயாகி, காற்று ஏற ஏற முன்மூளை கிளம்பி, நடுமூளை தோள் நிமிர்த்தி எழும்ப வேண்டும்.

வியாழக்கிழமை மோட்டரைப் போட்டார்கள். எழும்பவில்லை. வால்பக்கச் சிப் கடைசி ஆறு அங்குலம் மூடாமல் அடம்பிடித்தது. காற்றெல்லாம் அந்த வழியால் போனது. கிறிஸ்ரோபர் சிப்பைச் செய்தவனின் பரம்பரையைத் திட்டத் தொடங்கினார். உதயகலாவோ கைதட்டிக் குதித்தாள்.

"அண்ணை, வயித்துப் பிள்ளைக்கும் உப்பிடித்தான்! உள்ளுக்கை தண்ணி அமுக்கிக்கொண்டு நிண்டால்தான் மூளை ஒழுங்கா விரியும். வால் திறந்து கிடந்தால் அமுக்கம் நிக்காது."

ஷெரோன் கையால் வாலைப் பொத்திப் பிடித்தாள். தலை மெல்லப் பொம்மியது. கையை எடுத்தாள், படுத்தது. மறுபடி பொத்தினாள். மூன்றுதரம் அப்படிச் செய்து பார்த்தவள், நூல் வெட்டப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சங்க மண்டபத்தில் மீன் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் குழாயைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் மேசை, மேசையில் அந்தப் பகுதி முழுவதுக்கும் ஒரு மாதத்துக்கென்று கொண்டுவந்த குளிசைப் பெட்டி. வால், வாசலைப் பார்த்தபடி. வாலைக் கட்டிய நைலோன் கயிறு இறப்பரில் நிற்காமல் வழுக்கியது. நேரம் பத்து மணி. கிறிஸ்ரோபர் அங்குமிங்கும் பார்த்தார். வாசலில் அகலமாக, நல்ல இறுக்கமாக ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. அவிழ்த்து வந்து வாலைச் சுற்றி, பூப்போல ஒரு முடிச்சும் போட்டார். மூளை எழும்பியது. ஐந்து பையும், பார்த்தவர் வாய் திறந்தபடி நிற்க, கூரையைத் தொடுமாப்போல் எழும்பியது. உதயகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து பதினாறுக்கு நமசிவாயம் மாலையோடும் பொன்னாடையோடும் வாசலுக்கு வந்தார். செபநாயகம் தட்டில் கத்திரிக்கோலை நீட்டினார். நமசிவாயம் கத்திரிக்கோலை எடுத்தார். நாடாவைக் காணவில்லை. நாற்பது வருடப் பொதுவாழ்வில் அவருக்கு இப்படி நடந்ததில்லை. ஒரு கணம் தடுமாறினார். அப்போதுதான் இரண்டடி முன்னால், பூமுடிச்சோடு, சிவப்பு நாடா அவர் கண்ணில் பட்டது.

விஷயம் மூளைவரை போகவே இல்லை. முண்ணாணோடேயே முடிந்துவிட்டது. கை போய் வெட்டியது. படமெடுக்கிறவர் பக்கம் முகம் தானாகவே திரும்பிச் சிரித்தது.

பு...ஸ் என்று காற்று அவர் வேட்டியை ஊதிப் பலூனாக்கியது. பின்னால் முன்மூளை தலைகுனிந்தது, நடுமூளை சாய்ந்தது. சனம் "ஐயோ!" என்றது. உதயகலா ஒரே பாய்ச்சலில் நிலத்தில் விழுந்து, வாலை இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாருங்கோ!" என்று கத்தினாள். மூளை மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. "வால் திறந்தால் தலை நிக்காது! உது இருபத்தெட்டாம் நாளுக்குள்ளை மூடவேணும்! அப்ப வயித்திலை பிள்ளை கிடக்கெண்டே உங்களுக்குத் தெரியாது! அதுதான் முன்னமே குளிசை!"

மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. யன்னலுக்கு வெளியே, மாமியின் கண்ணில் படாமல் தோழிகளோடு நின்ற ஷெரோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இப்படியொரு விளக்கம் ஒத்திகை பார்த்தாலும் வாய்க்காது! கிறிஸ்ரோபர், "பிடிச்சுக்கொண்டிரு தங்கச்சி, வள்ளத்துக் கயிறு எடுத்துக்கொண்டு வாறன்" என்று சைக்கிளில் பாய்ந்தார்.

நமசிவாயம் ஒலிவாங்கியைப் பிடித்தார். வாலை வெட்டியது தாம் முன்கூட்டியே திட்டமிட்ட செய்முறை விளக்கமே என்று ஆரம்பித்தார். மூளை வளர்ச்சியின் மகத்துவம், மூளையும் சமுதாயமும், மூளையும் தாமும் என்று பேச்சு மூன்று கிளையாக விரிந்தது. மோட்டர் இரைச்சலில் உதயகலாவின் காதில் விழுந்தது பாதிதான். கடைசியில், குளிசைகள் சிறப்பு விருந்தினர் கையால் வழங்கப்படும் என்று செபநாயகம் அறிவித்தார். அங்கே எதுவும் எவர் கையாலும் சும்மா வழங்கப்படுவதில்லை. ஒரு கை, ஒரு சிரிப்பு, ஒரு படம்.

நிலத்தில் கிடந்தவளுக்கு மீன் பெட்டி இடுக்கால் தெரிந்தது கால்கள் மட்டும். வரிசையில் கால்கள். பத்து, இருபது, வாசலைத் தாண்டி வெயிலுக்குள்ளும் கால்கள்! போன வருடம் முழுக்க வீடு வீடாக நடந்து ஐந்து பேரைச் சம்மதிக்க வைத்தவள் அவள். இப்போது வரிசை!

பட்டுச் சேலைக் கரையும் குதி உயர்ந்த செருப்பும் கண்டாள். சரி. மினுக்கிய ஆண் சப்பாத்து கண்டாள். அட, மாப்பிள்ளைமாரே வந்துவிட்டார்கள்! ஊர் திருந்திவிட்டது! சாரக் கரையும் வெடித்த குதிக்காலும் கண்டாள். மாமனாராக இருக்கும், நல்ல மனிசன். வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்து கண்டாள். அதற்குத்தான் விளக்கம் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டர் ஒரு மூச்சு இறங்கியது. குரல்கள் தெளிவாகக் கேட்டன.

"சேர், சாப்பாட்டுக்கு முதலோ, பிறகோ?"

"விடியப்புறம், படிக்க முதல்" என்றார் நமசிவாயம்.

"இவன் புலமைப்பரிசில் சோதினை எடுக்கிறவன் சேர். ரெண்டு காட் குளிசை தாங்கோ."

"என்ரை மூத்தவனுக்கு உயர்தரக் கணிதம் துப்பரவா ஏறுதில்லை. மூண்டாம் தரம் எடுக்கிறான். அவனுக்கு இன்னும் ரெண்டு காட் வேணும் சேர்."

"மூளை விரிஞ்சால் எல்லாம் ஏறும். படத்தைப் பாத்துச் சிரியும்."

"ஐயோ, உது பொடியளுக்கில்லை!" என்று உதயகலா கத்தினாள். மோட்டர் மறுபடி இரைந்து அதை விழுங்கியது. கையை விட்டால் மூளை விழும். விடாவிட்டால் குளிசை போகும். பிறக்கப்போகிற பிள்ளைகளா, படங்குச் சீலையா என்று அவள் ஒரு நொடிதான் யோசித்தாள். விட்டாள்.

ஐந்து பையும் சேர்ந்து பெருமூச்சு விட்டபடி சிறப்பு விருந்தினரின்மேல் படுத்தன. அதற்குள்ளிருந்து, "இதுவும் விளக்கத்தின் ஒரு பகுதியே" என்று குரல் வந்தது. உதயகலா சீலையைக் கிளப்பி, மேசையை நோக்கித் தவழ்ந்தாள்.

"மிஸி!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஷெரோன் யன்னலை விட்டு, வாசலால், முன்வரிசையில் இருந்த மாமியைத் தாண்டி, நடு மண்டபத்துக்கு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியைப் போலக் கணீரென்று வந்தது.

"எனக்கு அந்தக் குளிசையைத் தாங்கோ மிஸி. கலியாணத்துக்கு முதலேதான். ஆர் விரல் மடிச்சு எண்ணினாலும் எண்ணட்டும். வாலைப் பொத்தினால் தலை எழும்புதெண்டதை என்ரை கையாலை கண்டனான்."

மாமி கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, ஊரே எதிர்பாராத வகையில், "குடுங்கோ மிஸி" என்றார். பின்வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் எழும்பினார்கள். கயிறோடு ஓடிவந்த கிறிஸ்ரோபர் வாசலிலேயே நின்றுவிட்டார். உதயகலா கையைப் பெட்டிக்குள் விட்டாள்.

பெட்டியில் ஒரு குளிசைகூட இல்லை.