தேவானை போட்ட துண்டு

பொங்கலுக்கு மயிலாப்பூரில் நாத்தனார் சொர்ணத்தின் வீட்டுக்கு வந்திருந்த தேவானைக்கு, மதுராந்தகம் திரும்புவதற்குள் புலியைப் பார்த்துவிட வேண்டும். பட்டணத்தில் மிருகங்களை உயிரோடு வைத்துக் காட்டும் தோட்டத்துக்கு உயிர் காலேஜ் என்று பெயர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது. நாலு நாள் பண்டிகை, விருந்து என்று ஓடிப்போய், கடைசி நாள்தான் மிஞ்சியது. அன்று சாயங்காலம் ஊருக்கு ரயில்.

சொர்ணம் முந்தின நாளே எச்சரித்திருந்தாள். ஒன்று ஏழு மணிக்குள் டிராம் ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதினொன்றுக்கு மேல் போக வேண்டும். நடுவில் ஆபீஸ் குமாஸ்தாக்களும் காலேஜ் பிள்ளைகளும் ஈ மொய்த்ததுபோல் தொங்கிக்கொண்டு போவார்கள் என்றாள். தேவானை விடிவதற்கு முன்பே குளித்துப் புதுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் நாகராஜ் நிதானமான ஆள். ஊரில் தன் கடையில் ஒரு கவுளி வெற்றிலையை எண்ணிக் கொடுக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வான். சவரம் செய்து, சாப்பிட்டு, தலைப்பாகையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டி, லஸ் முனைக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதரை.

வந்த டிராமில் கால் வைக்க இடமில்லை. "நீ எம் பின்னாலயே வா" என்று சொல்லி நாகராஜ் படியில் ஒரு காலை வைத்தான். பின்னாலிருந்த நாலு பேர் அவனை உள்ளே தள்ளினார்கள். மணி அடித்தது, வண்டி நகர்ந்தது. அவன் தோளிலிருந்த துண்டு மட்டும் கீழே விழுந்தது. இரண்டு குடைகளுக்கு நடுவே, வாயைத் திறந்தபடி தூரமாகிக்கொண்டே போன புருஷன் முகத்தைத் தேவானை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழுகை வரும்போலிருந்தது. துண்டை எடுத்து உதறினாள். அடுத்த டிராம் வந்தது, அதுவும் அப்படியே. அதற்கடுத்ததிலும் ஒரு விரல் நுழைய இடமில்லை. அப்போதுதான் எதிர்ப்பக்கம் கவனித்தாள். சென்ட்ரல் பக்கமிருந்து வந்த வண்டியில் மூன்றே பேர். அந்த வண்டி எங்கேயோ போய்த்தானே திரும்பி வர வேண்டும்?

தெருவைத் தாண்டி அதில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் தண்டவாளம் முடிந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர் பீர் முஹம்மது கீழே குதித்து, மேலே மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த கழியைக் கயிற்றால் இழுத்து மறுபக்கம் திருப்பினார். திரும்பி வந்தவர் அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதான் கடசி. எறங்கு."

தான் உயிர் காலேஜுக்குப் போக வேண்டும் என்றாள் தேவானை.

"அது அந்தாண்ட கீது. நீ தப்பு வண்டி ஏறிட்டே."

"இந்த வண்டி இப்ப அங்கதானே போவுது?"

பீர் முஹம்மது கழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். தேவானை முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு டிக்கெட் கேட்டாள். இன்னொரு ஆள் எங்கே என்றார் அவர். வழியில் ஏறுவார் என்று சொல்லிவிட்டு, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டாள். தன்னை விட்டுவிட்டு அவன் புலி பார்க்கப் போக மாட்டான். தண்டவாளத்தை ஒட்டியே திரும்பி நடந்து வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

லஸ்ஸில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. துண்டைப் பார்த்து இரண்டு பேர் முறைத்தார்கள். டிக்கெட் வாங்கிய இடம் என்று பீர் முஹம்மதுவே அவர்களுக்குச் சொன்னார். எதிரே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த மாமி ஒருத்தி, யாருக்காக இடம் என்று விசாரித்து விஷயத்தை வாங்கிக்கொண்டாள். அவளும் ஜன்னல் வழியே தேட ஆரம்பித்தாள்.

ராயப்பேட்டையில் வண்டி நின்றது. அங்கே, ரோட்டின் அந்தப் பக்கம், வேர்த்து வழிய, தலைப்பாகையைக் கையில் சுருட்டிக்கொண்டு, நாகராஜ் லஸ்ஸை நோக்கி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு வேகமாக நடந்திருக்க மாட்டான்.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். ஏழெட்டு ஆம்பிளைகள் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடும்மா" என்றார் பீர் முஹம்மது.

புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? கல்யாணமான ஒன்பது வருஷத்தில் சொன்னதில்லை. கையைப் பாம்புப் படம்போல் குவித்துத் தூக்கிக் காட்டினாள்.

"சேஷனா?" என்றாள் மாமி. இல்லை.

"அனந்தனா?" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. அதுவும் இல்லை. தேவானை அவசர அவசரமாகத் தலையில் கிரீடம் வைப்பதுபோல் காட்டினாள்.

"பாம்பு... ராஜா..." பீர் முஹம்மது படியில் தொங்கியபடி வெளியே எட்டிப் பார்த்தார். "யோவ் நாகராஜ்! ஒன் சம்சாரம் எடம் புட்ச்சி வெச்சிக்கினு கீது. வந்து ஏறு!"

நாகராஜ் நின்று, திரும்பி, டிராம் ஜன்னலில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தான். ஒரே ஓட்டமாக ஓடி வந்தான். முறைத்துக்கொண்டிருந்தவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தபோது வண்டி முழுக்கச் சிரிப்பு. முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு தேவானைதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள்.

"முன்னாடி ஏறின நான் பின்னாடி, பின்னாடி ஏறின நீ முன்னாடி" என்றான் நாகராஜ், மூச்சு வாங்கிக்கொண்டே. எப்படி என்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சென்ட்ரல் வந்துவிட்டது.

புலி தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்கும்வரை இருவரும் நிலக்கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எழுந்து, சோம்பல் முறித்து, இவர்களைப் பார்த்தபடி நீளமாகக் கொட்டாவி விட்டது. அதன் நாக்கு இவ்வளவு பெரிதா என்று தேவானை அசந்துபோனாள்.

திரும்பும்போது மணி இரண்டு. ஆபீஸ் விட இன்னும் நேரமிருந்தது. பாதி வண்டி காலி. ராயப்பேட்டை தாண்டியதும் கடல்காற்று ஆரம்பித்தது. காலையில் ஓடிய ஓட்டத்தில் களைத்திருந்த நாகராஜ், அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று தேவானைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவனை எழுப்பாமல், தோளை அசைக்காமல் உட்கார்ந்து வந்தாள்.