இரண்டாவது குழல்

தங்கை துப்பாக்கிப் பையைக் கொண்டுவந்து என் வேலை மேஜைமேல் வைத்தபோது நான் அதன் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை.

"மூணு தடவை டிக்குன்னு சத்தம் மட்டும் வந்துச்சுண்ணா. வெடிக்கவே இல்லை" என்றாள்.

"தோட்டா மாப்பிள்ளை வீட்டுல செஞ்சதுதானே? அதுதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த அரத்தை மறுபடி ஓட்ட ஆரம்பித்தேன்.

துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். இருபத்தாறு வருட அனுபவம் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் பையைத் திறக்காமலே தீர்ப்பு சொன்னால் கேட்பவள் நம்பத்தானே செய்வாள். நம்பினாள். நேராக வீட்டுக்குப் போய், "இனிமே நீங்க செஞ்ச தோட்டா ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்" என்று கணவரிடம் சொன்னாளாம். குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான அணித் தேர்வின் முதல் சுற்றில்தான் அது நடந்தது. வெடிக்காத அந்த மூன்றால் பட்டியலில் கடைசி ஆளாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்று வரும் ஞாயிற்றுக்கிழமை.

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும் என்று சொன்னால் பொய். கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் அரசாங்க வேலை அவருக்கு. கல்யாணப் பேச்சு நடந்தபோது என் பட்டறைக்கு வந்தவர், சும்மா இருக்காமல் என் தராசைப் பார்த்து, "கால் கிராம் கூடக் காட்டுதுங்க" என்றார். காட்டியது உண்மைதான். ஆனாலும் அந்தக் கால் கிராமை நான் ஒன்பது வருடமாக மனசில் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஒன்பது வருடமும் அவளுடைய ஒவ்வொரு தோட்டாவையும் அவர்தான் செய்தார். வேலைவிட்டு வந்ததும் கை கழுவி, மருந்தை எடைபோட்டு, ஒவ்வொன்றாக நிரப்பி, பெட்டியில் தேதி எழுதி ஒட்டுவார். அவள் எதிரில் உட்கார்ந்து அன்றைய பயிற்சியைப் பற்றிப் பேசுவாள். அவர்களுக்குள் பேச்சு என்று இருந்தது பெரும்பாலும் அந்த மேஜையில்தான். பத்து நாளாக அந்த மேஜைமேல் துணி போட்டு மூடியிருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் மாப்பிள்ளையே வந்தார். துப்பாக்கி, இரண்டு குழல்கள், நாலு பெட்டி தோட்டா, தனியாக ஒரு டப்பாவில் வெடிக்காத அந்த மூன்று.

"பாத்துச் சொல்லுங்க மச்சான். எம்மேல தப்புன்னா ஒத்துக்கறேன். ஆனா பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் துப்பாக்கி அது. பிடியும் விசையும் ஊசியும் இருக்கும் சட்டம் ஒன்று, குழல் இரண்டு. கீல் ஆணியைத் தட்டி எடுத்தால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம். பழைய குழலை அந்தச் சட்டத்திலேயே வைத்து அளந்து மாட்டியதும் நான்தான். கனமான புதுக்குழலை நானே செய்து, முதல் சுற்றுக்கு முந்தின நாள் இரவுதான் கொடுத்தேன்.

வெடிக்காத மூன்றையும் விளக்கடியில் திருப்பினேன். தோட்டாவின் அடியில் ஊசி குத்திய பள்ளம் ஆழமே இல்லை. நகத்தால் லேசாக அழுத்தினாற்போல ஒரு தடம், அவ்வளவுதான். மருந்தில் கோளாறு என்றால் பள்ளம் ஆழமாக இருந்தும் வெடித்திருக்காது. இங்கே ஊசியே சரியாக எட்டவில்லை. அப்போதே எனக்குள் ஏதோ இடறியது. "ஊசி முனை தேஞ்சிருக்கும்" என்றேன்.

தேயவில்லை. ஸ்ப்ரிங்கும் விறைப்பாகவே இருந்தது.

பட்டறைக்குப் பின்னால் மணல்மூட்டை அடுக்கிய சோதனை அறைக்குப் போனோம். பழைய குழலில் மாப்பிள்ளையின் தோட்டா பத்து போட்டேன். பத்தும் வெடித்தன. புதுக்குழலில் அதே பெட்டியிலிருந்து பத்து. மூன்று டிக்கென்றன. தாமதமாக வெடித்துவிடக்கூடும் என்று, ஒவ்வொரு தடவையும் குழலை மணல் பக்கமே வைத்துக்கொண்டு நான் காத்திருக்க, அவர் பின்னால் நின்று வாய்க்குள் முப்பது வரை எண்ணினார். பிறகு அதே குழலில் கடையில் விற்கும் தோட்டா பத்து. அதிலும் இரண்டு வெடிக்கவில்லை.

ஆக, தோட்டாமேல் தப்பில்லை. மாப்பிள்ளை முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். அவர் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்.

சுவரில் என் சொந்தச் சட்டம் மாட்டியிருந்தது. அதே மாடல். அதை எடுத்து, புதுக்குழலைப் பூட்டி, மாப்பிள்ளையின் தோட்டாவைப் போட்டேன். பத்துக்குப் பத்து.

அப்படியானால் கோளாறு புதுக்குழலும் அவள் சட்டமும் சேரும் இடத்தில். புதுக்குழல் செய்த மாதம் தங்கை தினமும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சட்டத்தைக் கொடு என்று கேட்டதற்கு, ஒரு நாள்கூடத் தரமுடியாது என்றாள். ரெண்டும் ஒண்ணுதானே என்று என் சட்டத்தில் வைத்தே குழலை அளந்து முடித்தேன். அவள் சட்டத்தின் கீல் ஒன்பது வருடம் திறந்து மூடித் தேய்ந்தது. குழலை மூடியபின் அதற்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அளவுத்தகட்டைச் செருகிப் பார்த்தேன். என் சட்டத்தில் ஒரு தகடு நுழைந்த இடத்தில் அவள் சட்டத்தில் இரண்டு நுழைந்தன. அந்த ஒரு தகடு தூரத்தைத்தான் ஊசியால் எட்ட முடியவில்லை.

மாப்பிள்ளை தகடுகளைப் பார்த்தார். அளவு அவர் தொழில். விளக்கம் தேவைப்படவில்லை.

"ஸ்ப்ரிங் தளர்ந்திருந்ததுன்னு சொல்லிடலாம் மச்சான்" என்றார் மெதுவாக. "சரிபண்ணிட்டா முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை அந்தக் குழலைத்தான் அவ நம்பி எடுக்கணும். உங்க மேல சந்தேகம் வந்துட்டா கை நடுங்கும்."

என் கால் கிராமையே விட்டுக்கொடுக்காத மனுஷர். எனக்காகப் பொய் சொல்லத் தயாராக நின்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இவரைப் போய் இத்தனை வருடம் இப்படி ஒதுக்கி வைத்திருந்தேனே என்று வருத்தமாக இருந்தது.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"தோட்டா சுத்தமா இருக்கு. தப்பு என்னுது. உன் சட்டத்துல வச்சு அளக்காமக் குழலைக் குடுத்துட்டேன். கீலுக்குக் கொஞ்சம் தடிமனா ஆணி செஞ்சு போட்டா சரியாயிடும். சனிக்கிழமை உன் கையாலயே சுட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு நீ பையைத் திறக்கவே இல்லைண்ணா" என்றாள். "நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். பாத்துட்டும் உன்னை நம்பினேன். அவர் கெஞ்சாத குறையா துப்பாக்கியைப் பாக்கச் சொன்னாரு. அவரை நம்பலை."

நான் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"ஞாயித்துக்கிழமைக்கு அறுபது தோட்டா வேணும்னு சொல்லு. இல்ல, நீ சொல்லாத. வீட்டுக்கு வரட்டும், நானே கேக்கறேன்."

போனை வைத்தேன். மாப்பிள்ளை நோட்டை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"வீட்டுக்குப் போங்க மாப்ள. மேஜைத் துணியை எடுத்து வைங்க."

அவர் போனபின் தேய்ந்த கீல் ஆணியை அளந்தேன். அளவை ஒரு தடவை எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.