சம்மந்தி வீடு, மேலேயிருந்து

தனலெட்சுமி நேரில் பார்க்காத எதையும் நம்பமாட்டாள். நேரில் பார்த்தாலும் பாதிதான் நம்புவாள். அதனால், மகள் ஷாமளாவுக்குக் குளுவாங் ஊரில் மாப்பிள்ளை அமைந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பேசப் போவதென்று முடிவானதும், கணவர் வேலுவின் மடிக்கணினியில் வானத்திலிருந்து எடுத்த படங்களைக் காட்டும் அந்த இலவச உலக உருண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து பாகாட் ஊரில், தன் வீட்டு சோபாவில் சாய்ந்தபடியே ஊரார் கூரையையெல்லாம் நோட்டம் விடலாம் என்றால் அவளுக்கு வேறென்ன வேண்டும்?

"அதுல செவ்வாய் கிரகம்கூட இருக்கு. காலையிலயே சுத்திப் பாத்துட்டேன், தோஷம் ஒண்ணும் தெரியல" என்றார் வேலு. அவள் சிரிக்கவில்லை.

முதலில் பக்கத்து வீட்டு லூசியின் கூரைக்குத்தான் போனாள். லூசி பின்பக்கம் அடுக்களையை எந்த வருடம் இழுத்துக் கட்டினாள் என்பது நெடுநாள் சந்தேகம். கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய படங்கள் வரும். அழுத்தி, வருடம் வருடமாகப் பின்னால் தள்ளி, அடுக்களை மறையும்வரை பார்த்துத் திருப்தியடைந்தாள். பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு முகவரியைத் தட்டினாள்.

உருண்டை குளுவாங் பக்கம் நழுவி, இறங்கி நின்றது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவே செம்மண். வீடு இல்லை. ஒரு கோழிக்கூண்டுகூட இல்லை.

"மூணு ரூம், முன்னால போர்ச்சுன்னு அந்தம்மா சொன்னாங்களே. வந்து பாருங்க, வெறும் மண்ணு."

வேலு எழுந்து வருவதற்குள் கைபேசி அவள் காதுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மா எடுத்தார்.

"நாளைக்கு நாங்க வர்றதத் தள்ளிப் போட்டுக்கலாங்க. காரணத்த நான் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும்."

"அது வந்துங்க..." என்று இழுத்தார் வெள்ளையம்மா. குற்றமுள்ள நெஞ்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து வந்த ஷாமளாவுக்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளை வசந்தனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கைப்பையைக்கூட இறக்காமல் திரையருகே குனிந்தாள்.

"மா, தேதிய பாருங்க லா. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. அப்ப அந்தத் தாமானே கிடையாது, ஒரு வீடும் கட்டல."

கடிகாரத்தை இன்றைக்குத் தள்ளினாள். செம்மண்ணில் வரிசை வரிசையாகக் கூரைகள் முளைத்தன. மூலை வீடு. போர்ச்சு. போர்ச்சுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார்.

"அலமாக்" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார் வேலு, மனைவியைப் பார்க்காமல்.

தனலெட்சுமி மன்னிப்புக் கேட்டு யாரும் கேட்டதில்லை. ஆனால் மகளின் கண்ணைப் பார்த்தாள், திரும்ப அழைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ட கம்ப்யூட்டர்ல மேலேர்ந்து பாத்தேன். பழைய படம் போல. வீட்டையே காணோம்னு அவசரப்பட்டுட்டேன்."

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு.

"அவ்ளோதானா? எனக்குச் சோறே எறங்கலங்க. போன வாரம் நாங்களும் உங்க வீட்ட அதுலதான் பாத்தோம். அது தெரிஞ்சுதான் கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

தனலெட்சுமிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஷாமளா கைப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, எங்க வீட்ல என்ன தெரிஞ்சுது?"

"கூரைதான் தெரிஞ்சுது. உள்ள ஒண்ணும் காட்டமாட்டேங்குது."

"இங்கயும் அதே குறைதான், சம்மந்தி. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுறோம். எல்லா ரூமையும் தெறந்து வைங்க."