சவுண்டு வெட்டாமல் விட்ட சத்தம்

அவனை எல்லோரும் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்செட் வாடகைக்கு விடுபவன். வீட்டின் முன்னறைதான் கடை. அவன் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். அடிபட்டு வருகிறவர்கள் எல்லோரும் "படியில விழுந்துட்டேன்" என்றே சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அடித்தது யார் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தாள். இணையத்தில் கேட்கும் பேச்சுத் தொடராக, இருவரும் சேர்ந்து நடத்திய பாட்காஸ்ட் அப்படித்தான் தொடங்கியது.

எதிரொலி வராமலிருக்கப் படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, சன்னலில் கம்பளி தொங்கவிட்டு, அலமாரி முன்னால் ஆளை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். சத்தம் வராமலிருக்க ஃபிரிட்ஜை நிறுத்தினால் திரும்பப் போட மறக்கக் கூடாது என்பதைப் பால் கெட்ட பிறகு கற்றுக்கொண்டார்கள். ஆள் அழும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவள் கற்றுக்கொண்டாள். பெயரை வெட்டி, குரலைத் தடிமனாக்கி இணையத்தில் ஏற்றுவது அவன் வேலை. முடிவில் தன் கடை முகவரியையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வான்.

லாரி டிரைவர் ஒருவர் பேச வந்தார். பிரேக் பிடிக்காத லாரியை எடுக்க மாட்டேன் என்றதற்காகக் கல்குவாரி முதலாளியின் ஆட்கள் அவரை டயரோடு கட்டிவைத்து, ஃபேன்பெல்ட்டால் முதுகுத் தோல் உரியும்வரை விளாசியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாக்கை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அவர் பேச ஆரம்பிப்பார்.

"அந்தச் சத்தத்த எடுத்துடேன். தெரிஞ்சவங்க கேட்டா கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் மனைவி.

"போடி, அத எடுத்தா நியூஸ் வாசிக்கற மாதிரி ஆயிடும்."

அந்தப் பதிவு போனுக்குப் போன் தாவியது. குவாரி ஆபீசிலும் யாரோ சத்தமாக வைத்துக் கேட்டார்கள்.

சில நாளிலேயே, டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான்கு பேர் அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, வலது கையைக் கதவிடுக்கில் வைத்து இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள். திறந்து மறுபடியும் சாத்தினார்கள். குறுக்கே விழுந்த அவர் மனைவியின் தலையைச் சுவரில் மோதினார்கள்.

"நாக்க தட்டித் தட்டிக் கத சொன்னியே, இப்ப தட்டு பாப்போம்" என்றான், மொட்டை என்று மற்றவர்கள் கூப்பிட்டவன்.

அவசரப் பிரிவில் அந்தக் கையைக் கழுவியது நர்ஸ்தான். எலும்பு எது, சதை எது என்று தெரியவில்லை. நெற்றியில் ரத்தம் வழிய நின்ற டிரைவரின் மனைவி, நர்ஸின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தானே எங்க வீட்டுக்காரர பேச வச்ச?"

நர்ஸ் கன்னம் எரிய எரியக் கட்டுப் போட்டு முடித்தாள். வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள். "அத உடனே எடுத்துடு. கதவ சாத்திட்டு உள்ளயே இரு."

பதிவை இணையத்திலிருந்து நீக்கிவிட்டு அவன் எழுந்தபோது மொட்டையும் இன்னொருவனும் கடைக்குள் நின்றிருந்தார்கள். முகவரியை அவனேதானே சொல்லியிருந்தான்! ஸ்பீக்கர்களை மிதித்து உடைத்தார்கள். பிறகு அவன் விலாவை மிதித்தார்கள். தரையில் உருண்டவனின் கைக்கு மைக் ஸ்டாண்டு அகப்பட்டது. எழுந்து, அதன் இரும்பு அடிப்பாகத்தால் ஓங்கி அடித்தான். மொட்டையின் தாடை பெயர்ந்து, பற்கள் தெறித்தன. கூட வந்தவன் ஓட்டம் பிடித்தான். மொட்டை விழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். சவுண்டு கும்பிட்ட கைமேலேயே அடித்தான். பக்கத்துக் கடைக்காரர் வந்து இடுப்போடு கட்டிப் பிடித்து இழுக்கும்வரை அடித்துக்கொண்டேயிருந்தான்.

மொட்டையையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். தொங்கிய தாடையைத் தாங்கிப் பிடித்ததும் அவள்தான்.

"விழுந்தவன எதுக்கு அடிச்ச?" என்று கணவனிடம் கேட்டாள்.

"என்னக் கொல்ல வந்தான்டி."

"வந்தப்ப அடிச்ச, சரி. கும்பிட்டப்பறம்?"



நான்கு பேரையும் போலீஸ் பிடித்தது. முதலாளி, தனக்கு எதுவுமே தெரியாது என்று தப்பிக்கப் பார்த்தார். அப்போதுதான் டிரைவர் ஆளனுப்பினார். "திரும்பப் போடச் சொல்லு. என் பேரோட, என் குரல்லயே. இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போகுது?" ஆனால் அவர் மனைவி முழுவதையும் கேட்ட பிறகுதான் வெளியிடுவது என்றாள் நர்ஸ். அறைந்தவள் வந்து உட்கார்ந்து கேட்டாள். பிள்ளையைப் பற்றிய ஓரிடத்தை மட்டும் எடுக்கச் சொன்னாள். அந்தப் பதிவில் டிரைவர் சொன்னதை வைத்து முதலாளியையும் வழக்கில் சேர்த்தார்கள்.

அடுத்து நர்ஸ் தன் கணவனையே அலமாரி முன்னால் உட்கார வைத்தாள்.

"கும்பிட்டவன அடிக்கும்போது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றான் அவன். "நிறுத்தணும்னே தோணல."

அதையும் அப்படியே வெளியிட்டார்கள். கும்பிட்டவனை அடித்ததற்காகச் சவுண்டு மேலும் வழக்கு வந்தது. மொட்டையின் வக்கீல் கோர்ட்டில் அதைப் போட்டுக் காட்டியபோது, தன் குரல்தான் என்று சவுண்டு ஒப்புக்கொண்டான். சில மாதச் சிறை கிடைத்தது.

அந்த மாதங்களில் பாட்காஸ்ட் நிற்கவில்லை. ஒவ்வொரு பதிவையும் வெளியிடுவதற்கு முன் டிரைவரின் மனைவி ஹெட்போன் மாட்டிக் கேட்பாள்.

"இந்த இடம் வேணாங்க்கா" என்பாள் நர்ஸிடம். "பின்னாடி ஸ்கூல் பெல் கேக்குது. எந்தத் தெருன்னு தெரிஞ்சிடும்."