நனைந்தவன் செத்தவன்

ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, ருஷ்யாக்காரன் கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போய் வருஷம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. இப்ராஹிமின் தேத்தண்ணிக் கடையைவிட்டு மட்டும் அது போகவேயில்லை. தினமும் சாயங்காலம் வந்து நங்கூரம் போடும்.

"அன்னிக்கு மட்டும் அவன் ஆளை எறக்கியிருந்தா ஊரு அவன் கையிலதான்" என்று ஆரம்பிப்பான் கமாலுதீன்.

"எறக்கித்தான் பாக்கட்டுமே" என்பார் சுப்பையா.

சுப்பையா வெல்டு குவே துறையில் சரக்கு இறக்கும் ஆட்களுக்குத் தண்டல், அதாவது மேஸ்திரி. கமாலுதீன் சூலியா தெருத் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவன். காரைக்காலிலிருந்து தனியாக வந்தவன். 'சாயம் போகாது, கெஜம் குறையாது' என்று பகலெல்லாம் சொன்னதையே சொல்லிக் காய்ந்துபோன வாய்க்கு, அந்தக் கடை பெஞ்சில்தான் ஈரம் கிடைக்கும்.

"விடியக்காலை. ஊரே தூங்குது. நேரா போயி தந்தி ஆபீஸைப் புடிச்சா சிங்கப்பூருக்கு யாரு சொல்லுவா?"

"கொக்கோஸ் தீவுல அதைத்தானே செஞ்சான்? தந்தி ஆபீஸை ஒடைக்க ஆளை எறக்கினான். போனவன் திரும்புறதுக்குள்ள கப்பலே போச்சு. எறங்குறது சுலுவு லா, திரும்பி ஏறுறதுதான் பாடு."

"அது தீவுண்ணே."

"இது என்னவாம்? படகில்லாம அக்கரைப் பட்டர்வொர்த்துக்கு நடந்தே போயிருவியா?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இப்ராஹிம் ஒருநாள் கோப்பையை ணங்கென்று வைத்தார்.

"சபர் மாசக் கடைசி, ஒடுக்கத்துப் புதனுக்கு எல்லாரும் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குக் குளிக்கப் போறோம்ல? கமாலு, நீ சம்பான் படகுல வந்து எறங்கு. சுப்பையா ஆளுங்களோட கரையில நின்னு வாளித் தண்ணியால அடிக்கட்டும். இடுப்பு நனைஞ்சவன் செத்தவன். ரெண்டு பக்கத்துக்கும் அதான் சட்டம். சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள நனையாத ஒருத்தன் மணல்ல கால வச்சா ஊரு விழுந்துச்சு. தோத்தவன் ஒரு மாசம் என் கடையில பேசப்படாது. தேத்தண்ணி குடிக்க வேணா வாயைத் தொறக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கமாலுதீனும் தட்டினான். தட்டிய பிறகுதான் யோசித்தான். ஒரு மாசம் பேசாமல் அவன் எங்கே போவான்? துணியோடா பேசுவான்?

புதன்கிழமை அவனுடைய சம்பான் முனையைச் சுற்றி வந்தபோது கரை இருந்த கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். சபர் மாதத்துப் பீடை கழிய வேண்டும் என்று சுப்பையாவின் படை மொத்தமும் காலையிலேயே கடலில் முங்கிக் குளித்துவிட்டு, ஈரக் கைலியோடு நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, உங்க பட்டாளமே செத்துப்போச்சே!"

"நான் இருக்கேன்லா! எனக்குத் தலைக்கு ஊத்தச் சனிக்கிழமை இருக்கு" என்று வாளியைத் தூக்கிக் காட்டினார் சுப்பையா. கரையில் காய்ந்த வேட்டியோடு நின்றவர் அவர் ஒருவர்தான்.

அந்த நேரம் பார்த்துச் சம்பான் ஒரு சேற்றுத் திட்டில் சொருகிக்கொண்டது. கடல் வற்றிக் கிடந்த நேரம். வற்றியும் சுற்றிலும் இடுப்பளவுத் தண்ணீர். கூட வந்த கடைப் பையன்கள் இருவரும் துடுப்பை ஊன்றித் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கரையிலிருந்து ஆட்டுக்கறிச் சோற்றின் வாசனை வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தொப்பென்று குதித்துச் செத்து, சோற்றுக்குப் போய்விட்டார்கள்.

"கமாலு, எறங்கி வா! சோறு ஆறுது!" என்று கத்தினாள் இப்ராஹிமின் மனைவி ஹபீபா பீவி.

"எறங்கினா செத்துருவேன் லாத்தா!"

"பசியில செத்தா மட்டும் பரவாயில்லையா?"

கமாலுதீன் அசையவில்லை. கரையில் பந்தி முடிந்தது. கையலம்பினார்கள், வெற்றிலை போட்டார்கள். அவன் தனியாக வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

சுப்பையா இரண்டு முறை வாளியைக் கீழே வைத்தார், இரண்டு முறை எடுத்தார். பிறகு சடாரென்று ஒரு தட்டில் சோற்றை அள்ளி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினார்.

"அண்ணே, நனையுறீங்க!"

"எனக்குத் தெரியாதா? புடி, தட்டைப் புடி."

கரையில் ஒரே ஆரவாரம். "சுப்பையா மவுத்து! ஊருக்குக் காவல் இல்ல!" என்று இப்ராஹிம் கூவினார்.

சுப்பையா சம்பானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. படகு லேசாக ஆடியது.

"கடல் ஏத்தம் வந்துருச்சு. கொஞ்ச நேரத்துல படகு தானா கரைக்குப் போவும். அஸருக்கு இன்னும் நேரமிருக்கு. நனையாம எறங்கிக்க. ஜெயிச்சுட்டே தம்பி."

"அப்ப நீங்க?"

"ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறேன். வேற என்ன?"

கமாலுதீனின் கை சோற்றிலேயே நின்றது. அந்தப் பெஞ்சு கண்ணுக்கு முன்னால் வந்தது. தான் ஆரம்பிக்கிறான். 'எறக்கித்தான் பாக்கட்டுமே' என்று சொல்ல ஆளில்லை. பக்கத்தில் ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம் மட்டும்.

தட்டைப் பலகையில் வைத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைகுப்புறக் குதித்தான்.

"அட கிறுக்கா! கையில வந்த ஊரை ஏண்டா விட்டே?"

கமாலுதீன் உப்புத் தண்ணீரைத் துப்பினான். "இதெல்லாம் கணக்குல சேராதுண்ணே. எம்டன் வந்தது ஏத்தத்துலயா வத்தத்துலயா, மொதல்ல அதைச் சொல்லுங்க."

"ஏத்தத்துலதான்."

"யாரு சொன்னா?"

"தண்டலைப் பாத்தே கேக்குறியா?"

மார்பளவுத் தண்ணீரில் இருவரும் கையை ஆட்டி ஆட்டிக் கரையை நோக்கி நடந்தார்கள். இப்ராஹிம் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் செத்தாச்சுல்ல? வாயை மூடுங்களேன்!"

"தோத்தவன்தான் பேசப்படாதுன்னே. ஊரைப் புடிக்கவும் ஆளில்ல, காக்கவும் ஆளில்ல, இதுல தோத்தவன் யாரு? செத்தவனுக்கு நீ சட்டம் போடலியே!" என்றார் சுப்பையா.

"அப்படிக் கேளுங்கண்ணே!" என்றான் கமாலுதீன். "ஆனா ஏத்தம் இல்லண்ணே. வத்தத்துலதான் வந்தான்."