இரண்டு மணி நேரச் சான்று

சோதனை உலைக்குள் அந்த உத்திரம் இரண்டு மணி நேரம் ஏழு நிமிடம் தாங்கியது. மேலே கான்கிரீட் தளம், அதோடு பிணைத்த இரும்பு, இரும்பின் மேல் தீயைத் தாங்கும் பூச்சு. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அக்கா, இரும்பின் சூட்டையும் தொய்வையும் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் தம்பியிடம் பெருமையாகச் சொன்னாள். அந்த உத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பிய பூச்சுக் கம்பெனிக்காக ஒரு கட்டடத்தில் பூச்சு அடிப்பவன் அவன். சிரித்துவிட்டான்.

"அதுக்கு நாலு கோட்டிங் குடுத்து அனுப்பினோம்க்கா. கட்டடத்துல ஒண்ணுதான். சூப்பர்வைசர் அதுவே போதும்னுட்டார்."

மறுநாள் அக்கா ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னாள். வந்த உத்திரத்தைச் சோதிப்பதுதான் நம் வேலை, கட்டடத்தைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறார்கள் என்றார் அவர். யார் சொன்னது என்றும் கேட்டார். தம்பியைச் சொன்னால் அவன் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு திரும்பினாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கிடங்கு பற்றிக்கொண்டது. நாற்பதாவது நிமிடம் மேலிருந்த உத்திரங்கள் தொய்ந்து தளம் இறங்கியது. அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் வெளியே வரவில்லை.

விசாரணையில் கம்பெனி அக்காவின் சான்றிதழை நீட்டியது. பூச்சில் குறையில்லை, அடித்தவன்தான் ஏமாற்றிவிட்டான் என்றது. நாலு தடவை அடிக்கச் சொன்னதாகச் சூப்பர்வைசர் சத்தியம் செய்தார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள். விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்மா?"

"சோதனை நடந்த அன்னைக்கே."

"யார் சொன்னா?"

"தம்பிதான் சார்."

"அப்போ உங்க தம்பிக்குத் தெரிஞ்சேதான் நடந்திருக்கு," என்று அவர் எழுதிக்கொண்டார்.

அவனைக் காப்பாற்ற எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பிக்கு மூன்று வருடம். அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். சூப்பர்வைசர் வேறு கட்டடத்துக்குப் போனார். கைக்குழந்தையோடு இருந்த தம்பி மனைவி அக்காவைத் தன் வீட்டு வாசற்படி ஏற விடவில்லை.

ஒரு மாதம் தயங்கிவிட்டுச் சிறைக்குப் பார்க்கப் போனாள். தம்பி கோபப்படவே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"அப்பவே என் பேரைச் சொல்லியிருந்தா வேலையோட போயிருக்கும்க்கா," என்றான். பிறகு, பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டதாமே, பார்த்தாயா என்று கேட்டான்.

"பாத்தேன். நல்லா நடக்குறா," என்றாள் அக்கா.