பச்சமுத்துவுக்குக் காது கேட்டதா

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

போன மாசம் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவன் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்து, எண்பத்தொன்றாம் வருசம் சங்ககிரி ரோட்டோரத்தில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ரிக் லாரி பச்சமுத்துவுக்கு மேடையிலேயே காது வந்துவிட்டதாம். இவன் கண்ணால் பார்த்தானாம். நான் டம்ளரை வைத்துவிட்டு, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட்டவன் நான்தான், மேடையை ஒட்டி ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்றும் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தமாட்ட இருக்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஊட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். பிழை இருந்தால் இருக்கட்டும். படித்தவர்கள் பிழையில்லாமல் எழுதிய பொய்யை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2

முதல் வரி வரவில்லை. நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

கீழ்வானம் சிவந்தது. பறவைகள் கூவி

(இது என் கையெழுத்தில் இருக்கிறதே தவிர என்னுடையது இல்லை. எங்கேயோ படித்தது கைவழியாக வந்துவிட்டது. விட்டாச்சு.)

அத்தாயி பக்தியே உருவான பெண்மணி. அவள் முகத்தில் எப்போதும் ஒரு சாந்த

(பச்சமுத்துவின் மனைவி அத்தாயி இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் முகத்தில் சாந்தத்தைப் பார்த்தவர் ஊரில் எவரும் இல்லை. எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். தண்ணீர் கலந்ததாகச் சொன்ன டீக்கடைக்காரனை அவன் கடையிலேயே வைத்து அழ விட்டவள்.)

மூன்றாவதை நானே கிழித்துவிட்டேன். நாலாவது இது:

பச்சமுத்துவுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன். இதில் பொய் இல்லை.

எழுபதுகளில் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போட ரிக் லாரிகள் ஊர் ஊராகப் போகத் தொடங்கின. பச்சமுத்துவுக்கு அதில் துளை போடுகிற வேலை. ஒரு லாரியில் ரிக், பின்னால் இன்னொரு லாரியில் கம்ப்ரசர். அது ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைக்கிறவனை மற்றவர்கள் பொம்பளை என்று கேலி செய்வார்கள். பச்சமுத்து வைக்கவில்லை. முதலில் சின்னச் சத்தங்கள் போயின. பிறகு மனிதர் பேச்சு போயிற்று. கடைசியில் கம்ப்ரசர் சத்தமும் கேட்காமல் போனபோது, முதலாளி அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்து மனைவியின் எருமைகளைப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் கெட்டிக்காரன். அடுத்தவர் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டான். முகத்துக்கு நேரே நின்று சொன்னால் பத்தில் எட்டு வார்த்தை விளங்கிவிடும். பின்னால் நின்று யானை பிளிறினாலும் தெரியாது.

3

அத்தாயி அவன் காதுக்காக ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். அவள் பிறந்த ஊர் எருமப்பட்டிப் பக்கம். அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்தபோது ஜெபம் பழக்கமாம். கல்யாணத்துக்குப் பிறகு மறந்து போனது, காது போனதும் ஞாபகம் வந்தது. ஞானஸ்நானம் வாங்கினாள், எலிசபெத் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஜெபக்கூடம் என்பது ஓடு போட்ட ஒரு நீளமான அறை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் கடைசியில் "சாட்சி உண்டா" என்று, அதை நடத்துகிற உபதேசியார் கேட்பார். தாங்கள் வேண்டியது நடந்தவர்கள் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். ஒருவனுக்கு வேலை கிடைத்தது, ஒருத்திக்குக் காய்ச்சல் நின்றது என்று சொல்வார்கள். அத்தாயியும் எழுந்திருப்பாள். எல்லார் முகமும் திரும்பும்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகலீங்க. கேட்டுக்கிட்டிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வாரம் அல்ல. வாராவாரம். நடக்காததற்கெல்லாம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று உபதேசியார் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். கேட்டதுக்குச் சாட்சி சொல்றேனுங்க ஐயா, கிடைச்சதுக்கு அப்புறம் சொல்றேன் என்றிருக்கிறாள்.

[இந்த இடத்தில் ஒன்று. நம் பேச்சில் வேண்டுவதற்கும் கேட்பது என்றுதான் சொல்கிறோம், காதில் விழுவதற்கும் கேட்பது என்றுதான் சொல்கிறோம். அவள் கேட்டாள், சாமி கேட்டாரா என்று எழுதினால், யார் எதைச் செய்தது என்று எனக்கே குழப்பம் வருகிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன். இல்லை. கதையில் நடந்த கூத்துக்கும் இந்தச் சொல்தான் காரணம், அதனால் விட்டுவைக்கிறேன்.]

4

உபதேசியார் பேர் மாசிலாமணி. தெற்கத்திக்காரர், சைக்கிளில் போகிறவர்.

இவரைக் கெட்டவராக எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்பார்கள். மைக் பிடித்துப் பேசுகிற எவரையும் நான் நம்பியதில்லை என்பதும் உண்மை. கட்சிக்காரர், கோயில்காரர், கல்யாண வீட்டு மாமன், எல்லாருக்கும் மைக் வைத்திருக்கிறேன். கையில் மைக் வந்ததும் எல்லார் குரலும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஆனால் மாசிலாமணி மைக்கைக் கண்டால் பயப்படுவார். என் வாடகையைக் கேட்பதற்கு முன்பே தந்துவிடுவார். அவரைக் கெட்டவராக்க என் கை ஓடவில்லை. பயந்தவராக மட்டும் எழுதுகிறேன்.

மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய பிரசங்கியார் வருகிறார், சோளம் அறுத்த காட்டில் மேடை போட்டு மூன்று நாள் கூட்டம், நோயாளிகளைக் கூட்டி வாருங்கள் என்று மாசிலாமணி அறிவித்தார். அத்தாயி வீட்டுக்கு வந்து பச்சமுத்துவின் முன்னால் நின்று வாயை அகலத் திறந்து சொன்னாள்.

அவனுக்கு இந்த ஜெபமே பிடிக்காது. நம்பிக்கை இல்லாததால் மட்டும் அல்ல. தன் குறையை வாராவாரம் ஊர் முன்னால் எழுந்து நின்று சொல்கிறாளே என்கிற வெட்கம். அன்றைக்கு ஒரு பேச்சு வைத்தான்.

"நான் வாரேன். காது வந்துச்சுன்னா நீ சொல்ற சாமியைக் கும்பிடறேன். வரலீன்னா நீ அந்த ஜெபக்கூடத்துக்குப் போறதை நிறுத்திப்போடோணும். சம்மதமா?"

அத்தாயி எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்கு வாரத்தில் உட்காரக் கிடைத்த ஒரே நேரம், மனசில் இருப்பதைச் சத்தமாகச் சொல்லக் கிடைத்த ஒரே இடம். வீட்டில் சொல்லிக் கேட்கத்தான் ஆள் இல்லையே. இருந்தாலும் நிமிர்ந்து அவன் பார்க்கும்படி, "சம்மதமுங்க" என்றாள்.

(அவள் மனசில் அப்போது என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் பின்னால் சொன்னது பாதி, நான் கூட்டிக் கழித்தது பாதி. நம்பாவிட்டால் போங்கள்.)

5

இனி நான் என் கண்ணால் பார்த்தது.

மேடையில் பச்சமுத்துவை நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். பக்கத்தில் அத்தாயி. பிரசங்கியார் இரண்டு காதிலும் விரலை விட்டு நெடுநேரம் ஜெபித்தார். காடு முழுக்க ஜனம். வரப்பில் இருந்த கம்பங்களில் நான் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள் எல்லாம் அதிர்ந்தன. விரலை எடுத்தார். இரண்டடி தள்ளி நின்று மைக்கில் கேட்டார்.

"கேக்குதா?"

காது போன நாளிலிருந்து எவன் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. அந்த வாயசைவு பச்சமுத்துவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். வழக்கம்போலப் பதில் சொன்னான்.

"கேக்கலீங்க."

பிரசங்கியார் கையை உயர்த்தினார். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, கேட்காத காது எப்படிப் பதில் சொல்லும் என்றார். அவ்வளவுதான். அல்லேலூயா என்று ஜனம் எழுந்தது. என் ஆம்ப்ளிஃபயரின் முள் கடைசிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. மாசிலாமணி அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில்தான். பிரசங்கியார் மைக்கை அத்தாயி கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்.

மைக் அவள் கையில் இருந்தது. ஒரே ஒரு ஸ்தோத்திரம் சொன்னால் போதும். ஊர் நம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் கையை விட்டுப் போகாது. வாராவாரம் வெறுங்கையோடு எழுந்து நின்றவளுக்கு எல்லாரையும் போல ஒரு சாட்சி ஆகிவிடும். அது முழுப் பொய்யும் இல்லை, சொல்வது பிரசங்கியார்தானே என்றுகூட நினைத்தாளாம். வாயைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் பச்சமுத்து அவள் தோளைத் தொட்டான். எல்லா வாயும் திறந்திருப்பதையும் எல்லாக் கையும் மேலே போயிருப்பதையும் பார்த்துக் குழம்பிப் போயிருந்தான். கேட்பது என்றால் எப்படியிருக்கும் என்பதே மறந்து போனவன். ஒருவேளை வந்துவிட்டதோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று சந்தேகம். அவளைப் பார்த்துக் கேட்டான்.

"ஏம்புள்ள, எனக்குக் காது வந்துருச்சா?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு விளங்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக, வாயை அகலத் திறந்து சொன்னாள்.

"வரலீங்க."

கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டாள். கூம்புகள் எல்லாம் சேர்ந்து காடு முழுக்கச் சொல்லின, வரலீங்க. பிறகும் அவள் அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இன்னும் வரலீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்."

பிரசங்கியார் என்னைப் பார்த்து, மைக்கை அணை என்று கைகாட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6

இதோடு முடித்தால் பலருக்குத் திருப்தியாக இருக்கும். நன்றாகக் கொட்டடித்து முடித்த மாதிரி. ஆனால் மனிதர்கள் மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குப் போக வேண்டுமே. நாலு விதமாக முடித்துப் பார்த்தேன்.

ஒன்று: அவளுடைய உண்மையை மெச்சி, வீடு போகிற வழியில் அவன் காது திறந்தது. முதலில் அவள் வளையல் சத்தம் கேட்

(வெட்கமாக இருக்கிறது. எழுதும்போது நல்லாத்தான் இருந்தது.)

இரண்டு: அவள் நம்பிக்கை விட்டுப்போய், ஜெபத்தை அடியோடு நிறுத்திவிட்டு

(இது அவளைத் தெரியாதவன் எழுதுவது.)

மூன்று: உபதேசியார் அவளை ஜெபக்கூடத்திலிருந்து நீக்கி

(நீக்கவில்லை. மறுநாள் சைக்கிளில் வந்து, கூட்டத்தையே கவுத்துட்டியேம்மா என்று புலம்பியிருக்கிறார். ஒரு டம்ளர் மோர் குடித்தபின், அந்தப் பிரசங்கியார் முகம் போன போக்கைச் சொல்லி அவரே சிரித்தும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு என்றதற்கு, பேச்சுக் கொடுத்துட்டேனுங்க ஐயா, வர முடியாது என்றிருக்கிறாள்.)

நாலாவது, அவள் எனக்குச் சொன்னது. எருமைப்பால் ஊற்ற வந்தவள் என் மைக் செட் கடைப்படியில் நின்றபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

7

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தாயி போகவில்லை. பச்சமுத்து அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பால் கறக்க உட்கார்ந்தான். ஜெயித்தவனுக்கு இருக்க வேண்டிய முகம் அவனுக்கு இல்லை. இத்தனை பேர் முன்னால் தனக்காக அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள் என்பது அவனுக்கு உறைத்திருந்தது. அவள் சொன்ன உண்மையாலேயே அவள் தோற்றாள் என்பதும் உறைத்திருந்தது. ஆனாலும் பேச்சு பேச்சுதான், போ என்று அவன் சொல்லவில்லை.

அத்தாயி ஒரு கணக்குப் போட்டாள். ஜெபக்கூடத்துக்குப் போகக்கூடாது என்றுதான் பேச்சு. ஜெபிக்கக்கூடாது என்று பேச்சு இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அங்கே நின்றால் எவ்வளவு சத்தமாக ஜெபித்தாலும் அவனுக்குத் தெரியப் போவதில்லை. கண்ணை மூடித் தொடங்கினாள். பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

எருமை காதை விடைத்துத் திரும்பிப் பார்த்தது. பச்சமுத்து எருமையின் முகத்தைப் பார்த்தான். அது எதைப் பார்க்கிறது என்று திரும்பினான். அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்த மனைவியின் வாய் பாதி வார்த்தையில் திறந்தபடி நின்றது.

அவள் வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அவன் பால் சொம்பைக் கீழே வைத்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னைக்குத்தானுங்க. பேச்சை மீறலீங்க."

இத்தனை வருசம் தன்னைப் பற்றி எங்கேயோ ஒரு ஓட்டுக் கூரைக்குள், தன் முதுகுக்குப் பின்னால், என்ன பேசினாளோ அவனுக்குத் தெரியாது. எவ்வளவு சத்தமாகப் பேசியிருந்தாலும் தெரியாது.

"பின்னால நின்னு கேக்காத புள்ள. முன்னால வந்து கேளு. என்ன கேக்கறயின்னு எனக்குந் தெரியட்டும்."

அத்தாயி சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் எருமையின் காலடியில் உட்கார்ந்தபடி அவள் வாயையே பார்த்தான். முதலில் மழை கேட்டாள். முத்தாயம்மாள் மகளுக்குச் சுகப்பிரசவம் கேட்டாள். மைக் செட்டுக்காரருக்கு நல்ல புத்தி கேட்டாள் (இதை அவளே என்னிடம் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை). எருமைக்கு மடி நோவு போகவேண்டும் என்று கேட்டாள். கடைசியில் அவன் காதுக்கு வந்தபோது அவசரமாகச் சொல்லி முடித்து ஆமென் போட்டுக் கண்ணைத் திறந்தாள்.

அவன் அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் விளங்குச்சு. கடைசில ஒண்ணு வேகமாச் சொல்லிப்போட்டே, விளங்கலை. இன்னொருக்கா கேளு."

அவள் கேட்டாள். மெதுவாக.

8

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். மேற்கொண்டு அவள் ஜெபக்கூடத்துக்குப் போனாளா, அவனும் கூடப் போனானா, காது வந்ததா என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்து வேறு மாதிரி ஆக்கிவிடுவீர்கள். அதற்குப் பதிலாக இப்போதே நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள். காது வந்தது என்று முடித்தாலும் சரி, வரவேயில்லை என்று முடித்தாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்றே ஒன்று. எப்படி முடித்தாலும் அத்தாயியை மறுபடி அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.